எதில் போடுவது என்பது கடைசிக் கேள்வி

முதலீடு என்று பேச்செடுத்தாலே என்னிடம் வரும் முதல் கேள்வி, "எதில் போடலாம்?" என்பதுதான். கேட்பவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம், நாற்பதைத் தாண்டி இப்போதுதான் விழித்துக்கொண்டவராக இருக்கலாம். கேள்வி மட்டும் மாறுவதில்லை. நான் நிதி ஆலோசகன் அல்ல. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பல வருடங்களாக ஒதுக்கி வைத்து, அது வளர்வதையும் அவ்வப்போது சுருங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள், அவ்வளவுதான். "மாசம் எவ்வளவு போட முடியும்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கும் சப்பென்று ஆகிவிடுகிறது. ஏதோ ஒரு பங்கின் பெயரை ரகசியமாகக் காதில் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 100 போடுகிறீர்கள். எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது. ஒரு வருடத்தில் நீங்கள் போட்டது 1,200, கையில் இருப்பது ஏறக்குறைய 1,239. இப்போது நீங்கள் இரவெல்லாம் வீடியோ பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது 14 சதவீதம் வளர்கிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வருடக் கடைசியில் 1,280 இருக்கும். அத்தனை அலைச்சலுக்கும் கூடுதலாகக் கிடைத்தது 41. எதையும் தேடாமல், பழைய 7 சதவீதத்திலேயே, மாதம் 100 என்பதை 110 ஆக்கியிருந்தால் போட்ட பணமே 120 கூடியிருக்கும்.

இதே கணக்கை முப்பது வருடங்களுக்கு நீட்டினால் வேறு ஒரு விஷயம் தெரியும். மாதம் 100, 7 சதவீதம், முப்பது வருடம். போட்டது மொத்தம் 36,000, கடைசியில் இருப்பது சுமார் 1,22,000. கூட்டு வட்டியின் மகிமை என்று இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த வளர்ச்சி எப்போது வந்தது என்று பிரித்துக் காட்டுபவர்கள் குறைவு. முதல் பத்து வருடங்களில் போட்டது 12,000, அதன் மேல் வந்த லாபம் சுமார் 5,300. கடைசிப் பத்து வருடங்களில் போட்டது அதே 12,000, வந்த லாபமோ கிட்டத்தட்ட 58,000.

அதாவது, ஆரம்ப வருடங்களில் உங்கள் சேமிப்புதான் வண்டியை இழுக்கிறது. லாப விகிதம் அப்போது பின்னால் சும்மா உட்கார்ந்து வருகிறது. பிற்பாடுதான் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. புதிதாக வருபவர்களோ தலைகீழாகக் கவலைப்படுகிறார்கள். லாப விகிதத்துக்கு மதிப்பே இல்லாத காலத்தில் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். செலவைக் கொஞ்சம் இறுக்கினாலோ, சம்பள உயர்வில் பாதியைத் தொடாமல் திருப்பிவிட்டாலோ அதைவிடப் பல மடங்கு பலன் வரும். அதைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுகிறார்கள்.

இதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. நீங்கள் போட்ட முதல் வருடத்திலேயே சந்தை மூன்றில் ஒரு பங்கு சரிந்தால், போவது சில மாதச் சேமிப்பு. சரிவு என்றால் என்ன, நம் வயிறு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ளலாம். முப்பதாவது வருடத்தில் அதே சரிவு வந்தால் அது வேறு கதை. அதனால் எல்லாம் படித்து முடித்த பிறகு ஆரம்பிக்கிறேன் என்று காத்திருப்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. சிறிய தொகையோடு உள்ளே வந்துவிட்டுப் படிக்கலாம். பெரிய தொகை சேரும்போது ஓரளவு விவரமும் சேர்ந்திருக்கும்.

சரி, எதற்காக இந்த வம்பு, பேசாமல் வங்கியிலேயே கிடக்கட்டுமே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பணவீக்கம். ஒரு சுருக்கு வழி இருக்கிறது: 72 என்ற எண்ணைச் சதவீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்பது தோராயமாக வந்துவிடும். 6 சதவீத வளர்ச்சி என்றால் 12 வருடம். இதையே திருப்பிப் போட்டால், விலைவாசி 6 சதவீதம் ஏறும் ஊரில் பெட்டியில் பூட்டிவைத்த பணத்தின் வாங்கும் சக்தி சுமார் 12 வருடத்தில் பாதியாகிவிடும். வங்கி டெபாசிட் வட்டி தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வட்டியிலிருந்து வரியைக் கழித்து, அதிலிருந்து பணவீக்கத்தையும் கழித்தபின் மிஞ்சுவது பல நாடுகளில் பல வருடங்களில் பூஜ்யத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. முதலுக்கு மோசமில்லை என்ற நிம்மதி, எண்ணிக்கையில் மட்டும்தான் உண்மை.

ஆனாலும் பங்குச் சந்தைப் பக்கம் போவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சுவாரசியமற்றவை. அதனாலேயே தாண்டிக் குதிக்கப்படுகின்றன.

ஒன்று, வட்டி அதிகமான கடன். கிரெடிட் கார்டில் வருடத்துக்கு 30 சதவீதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் 10 சதவீதம் கிடைக்குமா என்று பங்கு வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அந்தக் கடனை அடைப்பது 30 சதவீதம் உறுதியான லாபம் தரும் முதலீட்டுக்குச் சமம். உலகத்தில் எந்தச் சந்தையும் அப்படி ஒரு உத்தரவாதத்தைத் தராது. குறைந்த வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் போன்றவை வேறு ரகம். அதை முழுக்க அடைத்த பிறகுதான் முதலீடு என்று காத்திருந்தால் பாதி ஆயுள் போய்விடும். அதைத் தவணைப்படி கட்டிக்கொண்டே பக்கத்தில் சேமிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, அவசரகாலப் பணம். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய இடத்தில். இதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மருத்துவச் செலவு, வண்டி ரிப்பேர் என்று மட்டும் காரணம் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேலை போவதும் சந்தை சரிவதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடக்கும். 2008-09இல் அதுதான் நடந்தது: பங்குகள் பாதி விலைக்கு வந்த அதே மாதங்களில்தான் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. கையில் ஆறு மாதச் செலவு இல்லாதவர் என்ன செய்வார்? பாதி விலைக்குப் பங்கை விற்றுச் சாப்பிடுவார். பிறகு சந்தை எழுந்தபோது அவரிடம் எழுவதற்கு ஒன்றும் இருக்காது. அவசரகாலப் பணத்துக்கு நல்ல வட்டி கிடைக்கவில்லையே என்று புலம்புபவர்களிடம் நான் சொல்வது, அது சம்பாதிக்க வைத்த பணமல்ல, மற்றதை விற்காமல் காப்பாற்ற வைத்த பணம்.

அடுத்தது காலம். எந்தப் பணம் எப்போது வேண்டும்? ஐந்து வருடங்களுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்கக் கூடாது என்பதைப் பலரும் ஒரு விதி மாதிரி சொல்வார்கள். நான் அதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். வரலாற்றைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

1987 அக்டோபர் 19, ஒரே நாளில், அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு (குறியீடு என்பது பல கம்பெனிப் பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் ஒரே எண்) 22.6 சதவீதம் விழுந்தது. 2020இல், அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் 34 சதவீதம் சரிந்து, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து இதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டவர்கள் நிறைய. 2000இல் தொழில்நுட்பப் பங்குகளின் குமிழி உடைந்தபோது நாஸ்டாக் குறியீடு இரண்டரை வருடங்களில் 78 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை ஆயிற்று. ஜப்பானின் நிக்கேய் குறியீடோ 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! அந்த உச்சத்தில் வாங்கிய முப்பது வயதுக்காரர் ஓய்வு பெறும் வயதில்தான் குறியீட்டை அதே இடத்தில் பார்த்திருப்பார். பங்குகளை விட்டால் தங்கம் இருக்கிறதே என்பவர்களுக்கு: 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் தங்கம் டாலர் கணக்கில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2008இல்தான்.

இந்த மாதிரி எண்களைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1929இல் சரிந்த டவ் ஜோன்ஸ் மீண்டுவர 1954 வரை, 25 வருடம் ஆனது என்று பயமுறுத்துவார்கள். குறியீட்டைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம், இல்லை. கம்பெனிகள் வருடா வருடம் கொடுத்த டிவிடெண்டை மறுபடி முதலீடு செய்துவந்தவர்கள், மாதா மாதம் புதிதாகப் போட்டுவந்தவர்கள், அதற்கு வெகுகாலம் முன்பே மீண்டிருப்பார்கள். உச்சத்தில் ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு அதன்பின் ஒரு காசும் போடாத மனிதர் வரைபடங்களில்தான் அதிகம் வாழ்கிறார்.

விழுந்த பணத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். 50 சதவீதம் விழுந்தால் பழைய நிலைக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும். நாஸ்டாக் மாதிரி 78 சதவீதம் விழுந்தால் ஏற வேண்டியது கிட்டத்தட்ட 355 சதவீதம். "அதிக ரிஸ்க், அதிக லாபம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதிக ரிஸ்க் என்றால் எழவே முடியாத பள்ளமும் அதற்குள் அடக்கம்.

இத்தனையையும் சொன்ன பிறகு, எதில் போடுவது என்ற கேள்விக்கு வரலாம்.

ஒரு பங்கை வாங்குவது என்றால் ஒரு தொழிலில் சிறு உரிமை வாங்குவது. 1602இல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளை ஆம்ஸ்டர்டாமில் பொதுமக்கள் வாங்கி விற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. பங்கின் லாபம் மூன்று வழிகளில் வரலாம்: கம்பெனி கொடுக்கும் டிவிடெண்ட், கம்பெனியின் சம்பாத்தியம் வளர்வது, அந்தச் சம்பாத்தியத்துக்கு மற்றவர்கள் எவ்வளவு விலை தரத் தயாராக இருக்கிறார்கள் என்பது. முதல் இரண்டும் தொழிலிலிருந்து வருகின்றன. மூன்றாவது முழுக்க முழுக்க ஜனங்களின் மனநிலை. தொலைக்காட்சியில் நாள் முழுவதும் பேசப்படுவது அந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதாதா? ஹென்ட்ரிக் பெசெம்பிண்டர் என்ற நிதித்துறைப் பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் வந்துபோன சுமார் 25,000க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பங்குகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் தங்கள் ஆயுட்காலத்தில், அரசு ஒரு மாதத்துக்குக் கடன் வாங்கும்போது எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரத்தின் வட்டியைக்கூடத் தரவில்லை. பத்திரத்துக்கு மேல் சந்தை உருவாக்கிய மொத்தச் செல்வத்துக்கும் காரணம் வெறும் 4 சதவீதக் கம்பெனிகள். என் பார்வையில், புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆய்வு என்றால் இதுதான். சந்தை நல்ல லாபம் தந்திருக்கிறது, ஆனால் சந்தையிலுள்ள பெரும்பாலான பங்குகள் தரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பங்குகளை எடுத்தால், அந்த 4 சதவீதத்தில் ஒன்றுகூட அகப்படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் எல்லாவற்றையும் வாங்கிவிட்டால்? பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்வது ஃபண்ட். அதில் இண்டெக்ஸ் ஃபண்ட் என்ற வகை, எல்லாவற்றையும் வாங்குவதைத்தான் செய்கிறது. ஒரு குறியீட்டில் இருக்கிற அத்தனை கம்பெனிகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து தேர்வு செய்வதில்லை. அதனால் கட்டணமும் குறைவு. ஜான் போகிள் 1976இல் வான்கார்ட் நிறுவனத்தின் மூலம் சாதாரண மக்களுக்காக இப்படி ஒரு ஃபண்டைக் கொண்டுவந்தபோது, 15 கோடி டாலர் திரட்ட எண்ணி, கிடைத்தது சுமார் 1.1 கோடி டாலர்தான். போகிளின் முட்டாள்தனம் என்று தொழிலில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். சராசரிக்கு யார் ஆசைப்படுவார்கள் என்பது அவர்கள் வாதம். கட்டணத்தைக் கழித்த பிறகு சராசரியைத் தொடுவதே பெரும்பாலான ஃபண்ட் மேனேஜர்களுக்குப் பெரும்பாடு என்பது போகிளின் பதில்.

அந்தப் பதிலைப் பரீட்சித்துப் பார்த்த பிரபலமான ஒரு பந்தயம் உண்டு. 2008 தொடக்கத்திலிருந்து பத்து வருடம், ஒரு சாதாரண எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டா, தேர்ந்தெடுத்த ஹெட்ஜ் ஃபண்டுகளின் (பணக்காரர்களின் பணத்தை அதிகக் கட்டணத்துக்கு நிபுணர்கள் நிர்வகிக்கும் ஃபண்டுகள்) ஐந்து தொகுப்புகளா, எது ஜெயிக்கும் என்று புகழ்பெற்ற அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் பந்தயம் கட்டினார். எதிர்த்தரப்பு ப்ரோட்டேஜே பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம். 2017 முடிவில் இண்டெக்ஸ் ஃபண்ட் 125.8 சதவீதம் வளர்ந்திருந்தது. ஐந்தில் மிகச் சிறப்பாகச் செய்தது 87.7 சதவீதம், மிக மோசமானது 2.8 சதவீதம். இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்த பகுதி முதல் வருடம். 2008இல் இண்டெக்ஸ் ஃபண்ட் 37 சதவீதம் விழுந்தது, ஹெட்ஜ் ஃபண்டு தொகுப்புகள் ஐந்துமே அதைவிடக் குறைவாகத்தான் விழுந்தன. பந்தயத்தின் முதல் வருடத்தில் பஃபெட் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பொறுமையிழந்து கட்சி மாறுகிறவர்களுக்கு இந்த முறை எந்தக் காலத்திலும் பலன் தராது.

கட்டணம் என்றேன். அதை ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 2 சதவீதம் என்பது கொசுக்கடி மாதிரி தோன்றும். ஒரு லட்சத்தை 7 சதவீத வளர்ச்சியில் முப்பது வருடம் விடுகிறீர்கள். வருடக் கட்டணம் 0.2 சதவீதமாக இருந்தால் கடைசியில் சுமார் 7.2 லட்சம். கட்டணம் 2 சதவீதமாக இருந்தால் 4.3 லட்சம். வித்தியாசம் ஏறக்குறைய 2.9 லட்சம், நீங்கள் போட்டதே ஒரு லட்சம்தான். ஃபண்டின் விளம்பரத்தில் லாபம் கொட்டை எழுத்தில் இருக்கும், கட்டணம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அடியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். போன வருடம் எவ்வளவு லாபம் தந்தது என்பது அடுத்த வருடத்தைப் பற்றி எதையும் உறுதிப்படுத்தாது. கட்டணம் அடுத்த வருடமும் நிச்சயம் எடுக்கப்படும்.

நிக்கேய் கதையை மறக்கக் கூடாது. இண்டெக்ஸ் ஃபண்ட் என்றாலும் ஒரே நாட்டை நம்பியிருந்தால் அந்த நாட்டின் தலையெழுத்துதான் நம் தலையெழுத்தும். சம்பளமும் வீடும் ஓய்வூதியமும் ஏற்கெனவே நாம் வாழும் நாட்டை நம்பித்தான் இருக்கின்றன. முதலீட்டையும் மொத்தமாக அங்கேயே வைக்க வேண்டுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். பல நாடுகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் ஃபண்டுகள் இருக்கின்றன. பணத்தில் ஒரு பகுதி அவற்றுக்குப் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. எவ்வளவு என்பது அவரவர் நாட்டு வரிச் சட்டத்தையும் பொறுத்தது.

கடன் பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. அவை பங்கு அளவுக்கு ஆடாது, லாபமும் அந்த அளவு இருக்காது. ஆனால் ஆடவே ஆடாது என்று நினைக்க வேண்டாம். வட்டி விகிதம் ஏறினால் ஏற்கெனவே வெளியான பத்திரங்களின் விலை இறங்கும். 2022இல் அமெரிக்காவில் பங்குகளும் பத்திரங்களும் சேர்ந்தே விழுந்தன: பங்குகள் சுமார் 18 சதவீதம், பத்திரங்கள் சுமார் 13 சதவீதம். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்பது பெரும்பாலும் நடப்பது, எப்போதும் நடப்பதல்ல.

பங்கு எவ்வளவு, பத்திரம் எவ்வளவு என்று பிரிப்பதற்கு வயதை வைத்து ஆயிரம் சூத்திரங்கள் சொல்கிறார்கள். எனக்கு அவற்றைவிட உதவியது, சதவீதத்தை மாதச் சம்பளமாக மாற்றிப் பார்ப்பது. "30 சதவீதம் விழுந்தால் தாங்குவீர்களா?" என்று கேள்வித்தாளில் கேட்டால் எல்லோரும் தாங்குவோம் என்றுதான் டிக் அடிப்பார்கள். உங்களிடம் ஐந்து வருடச் சம்பளம் அளவுக்கு முதலீடு இருக்கிறது, எல்லாம் பங்கில். 30 சதவீதச் சரிவு என்றால் பதினெட்டு மாதச் சம்பளம் போய்விட்டது. பதினெட்டு மாதம் காலையில் எழுந்து, பஸ் பிடித்து, மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி உழைத்த பணம் திரையில் காணோம். இப்போது தாங்குவீர்களா? இதற்கு வரும் பதிலை வைத்துப் பங்கின் அளவை முடிவு செய்யலாம். பயந்து விற்கிற ஆளுக்கு நூறு சதவீதப் பங்கைவிட, விற்காமல் இருக்க வைக்கும் அறுபது சதவீதம் மேல்.

பயம் என்பது அறிவுக் குறைவு அல்ல. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதிய கட்டுரையில், ஒரு தொகை கிடைக்கும்போது வரும் சந்தோஷத்தைவிட அதே தொகை கைவிட்டுப் போகும்போது வரும் வலி பெரிது என்று காட்டினார்கள். ஆசையும் அப்படித்தான். ஐசக் நியூட்டன் 1720இல் சவுத் சீ கம்பெனியின் பங்குகளை நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டு வெளியே வந்தவர். விலை இன்னும் ஏறுவதையும் மற்றவர்கள் பணக்காரர்கள் ஆவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், உச்சத்துக்கு அருகில் மறுபடி உள்ளே போய்ப் பெரும் பணத்தை இழந்தார். அப்போது அவர் இங்கிலாந்தின் நாணயச்சாலைத் தலைவர் வேறு! கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவரைக் கெடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் லாபம்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், முடிவெடுக்கும் வாய்ப்புகளைக் குறைத்துக்கொள்வதுதான். சம்பளம் வந்த மறுநாளே தொகை தானாக ஃபண்டுக்குப் போய்விட வேண்டும். செலவு போக மிஞ்சியதைப் போடலாம் என்று வைத்தால் மிஞ்சாது. பார்க்கும் இடைவெளியையும் நீட்ட வேண்டும். எஸ் அண்ட் பி 500 மாதிரியான குறியீட்டைத் தினமும் பார்த்தால் கிட்டத்தட்ட பாதி நாட்கள் சிவப்பாகத்தான் இருக்கும். அதையே வருடத்துக்கு ஒருமுறை பார்த்தவருக்கு நான்கில் மூன்று வருடங்கள் பச்சையாக இருந்திருக்கும். இருவர் வைத்திருந்ததும் ஒரே ஃபண்ட். தினமும் பார்த்தவர்தான் விற்றிருப்பார். என் ஃபோனிலிருந்து முதலீட்டைக் காட்டும் ஆப்பை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் போய்ப் பாஸ்வேர்டு தேடி நுழைய வேண்டியிருப்பதால் பாதி நேரம் சோம்பேறித்தனமே காப்பாற்றுகிறது.

மொத்தமாக ஒரு தொகை கையில் வந்தால், ஒரே நாளில் போடுவதா, பிரித்துப் பிரித்துப் போடுவதா என்றும் கேட்பார்கள். கடந்த காலத் தரவை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரேயடியாகப் போட்டவர் சுமார் மூன்றில் இரண்டு முறை ஜெயித்திருக்கிறார். சந்தை இறங்குவதைவிட ஏறுவது அதிகம் என்பதே காரணம். ஆனால் அந்த மூன்றாவது முறை நமக்கு வாய்த்தால் சந்தையையே வெறுத்துவிடுவோம். மனசு கேட்கவில்லை என்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ பிரித்துப் போடுங்கள். பிரித்துப் போட்டதால் இழப்பது பெரிதாக இருக்காது.

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புதிதாக வருபவர்தான் மோசடிக்காரர்களுக்கு முதல் குறி. 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்று வாக்குக் கொடுத்தார். புதிதாக வருபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்தார். அந்த அளவு பேராசை காட்டினால் இன்று கொஞ்சமாவது சந்தேகம் வரும். அதைவிடப் பயப்பட வேண்டியது பெர்னார்ட் மேடாஃப் ரகம். அவர் காட்டிய லாபம் வருடத்துக்குச் சுமார் 10 சதவீத அளவில்தான், நம்பும்படியாக இருந்தது. நம்பக் கூடாதது என்னவென்றால், சந்தை என்ன ஆட்டம் போட்டாலும் அவருடைய கணக்கில் மாதா மாதம் ஆடாமல் ஏறிக்கொண்டே இருந்தது. 2008 டிசம்பரில் எல்லாம் உடைந்தது, அடுத்த வருடம் 150 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆகவே எவ்வளவு லாபம் என்று மட்டும் பார்க்காதீர்கள். பங்குச் சந்தையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறக்கமே காட்டாத எதையும் நம்பாதீர்கள். சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்திலேயே தேடிப் பாருங்கள், அவர்கள் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை வைத்து அல்ல. "இன்று மாலைக்குள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். நல்ல முதலீடு எதுவும் அடுத்த வாரம் காணாமல் போய்விடாது.

எல்லாம் செய்து முடித்தவர்கள்கூட விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. முப்பது வருடத் திட்டம் என்கிறோம். அதற்குள் வேலை மாறும், ஃபோன் நம்பர் மாறும், மின்னஞ்சல் மாறும், வீடு மாறும். இருபத்து நான்கு வயதில் திறந்த கணக்கில் வாரிசுதாரர் பெயர் காலியாக இருக்கும், அல்லது திருமணத்துக்கு முன் எழுதிய பெயரே இருக்கும். எந்த நிறுவனத்தில் எந்தக் கணக்கு, கணக்கு எண் என்ன, வாரிசாக யாரை எழுதியிருக்கிறோம் என்று ஒரே ஒரு தாளில் எழுதி, பாஸ்வேர்டுகளை அதில் எழுதாமல், அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்க்கும் அன்றைக்கே இந்தத் தாளையும் திருத்திவிடலாம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.